கண்ணாடி நீங்கிய காமிரா

வானொலி நம் நாட்டில் அடியெடுத்து வைத்த காலத்தில், பெரியவர்கள் அதனைக் 'கம்பியில்லாத் தந்தி' என்றே சொல்லி வந்தனர். மேனாட்டில் மோட்டார் வண்டி முதலில் 'குதிரையில்லா வண்டி' என்னும் பெயரோடு தெருவுக்கு வந்தது. புதிதாய்ப் பிறந்த பொருளுக்கு, அதனிடம் இருப்பதைக் கொண்டு பெயரிடாமல் இல்லாததைக் கொண்டு பெயரிடுவது மக்களின் வழக்கம் போலும். இந்த வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்ததுதான் 'மிர்ரர்லெஸ்' என்னும் காமிரா. கையடக்கமானது, லென்ஸைக் கழற்றி மாற்றத் தக்கது, பிலிம் வேண்டாதது, உள்ளே கண்ணாடி இல்லாதது.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் நான். இச்சொல்லைத் தமிழாக்கும் வேலை ஒருநாள் என் மேசைக்கு வந்தது. 'கண்ணாடியில்லாக் காமிரா' என்று எழுதி வைத்தேன். படித்துப் பார்த்த நண்பர், "கண்ணாடியே இல்லாவிட்டால் படம் எப்படி ஐயா விழும்?" என்று கேட்டார். அவர் லென்ஸை நினைத்துக் கேட்டார். குற்றம் அவருடையதன்று. முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் அணிவதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, காமிராவின் முகப்பில் இருப்பதும் கண்ணாடி என்றால் மனிதர் என்ன செய்வார்? எங்கள் ஊர்ப் பக்கத்துத் தெலுங்கைத் துணைக்கு அழைத்தேன். அங்கும் 'அத்தம்' என்ற ஒரே சொல் இத்தனை வேலையையும் சுமந்துகொண்டு நின்றது. ஆகவே நேயர்கள் முதலிலேயே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே நீங்கியது லென்ஸ் அன்று; முகம் பார்க்கும் கண்ணாடியைப் போன்ற ஒரு சிறு தகடு. அது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது, ஏன் போயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் ஊர் என்றேன். சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மொகிலி மலைப்பாதை தொடங்குவதற்கு முன் வருவது பங்காருபாளையம். பங்காரு என்றால் தெலுங்கில் பொன். பாளையக்காரர்கள் ஆண்ட ஊர், பின்னர் ஜமீன். இன்று மாந்தோப்புகளாலும் மாங்காய்ச் சந்தையாலும் பெயர் பெற்றது. பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. 1953-இல் அது சென்னை இராஜ்யத்தை விட்டு ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. எங்கள் ஊர் அங்கேயே நின்றது. எங்கள் வீட்டார் எந்த ஊரை விட்டும் புறப்படாமலேயே வேற்று மாநிலத் தமிழராயினர். நான் ஒருவன்தான் வேலையின் பொருட்டு வடக்கே புறப்பட்டவன்.

அவ்வூரில் என் தாய்மாமன் ஒரு ஸ்டூடியோ நடத்தி வந்தார். இருட்டறை ஒன்று, திரை ஒன்று, நாற்காலி இரண்டு. அவருடைய தந்தை காலத்து மரக்காமிரா ஒன்று முக்காலியின்மேல் மூலையில் நின்றுகொண்டிருக்கும். சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அதன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. பின்புறம் பொருத்திய தேய்த்த கண்ணாடிப் பலகையில் என் அத்தையும், அவர் மடியில் இருந்த குழந்தையும், பின்னால் தொங்கிய திருமலைக் கோபுரத் திரையும் தலைகீழாகத் தெரிந்தன. வெளியே வந்து பார்த்தேன். எல்லாரும் நேராகவே இருந்தனர். மாமா சிரித்தார். "லென்ஸுக்கு உலகம் அப்படித்தான் தெரியும், நேராக்குவது நம் வேலை" என்றார்.

அந்த மரக்காமிராவில் முகம் பார்க்கும் கண்ணாடி எதுவும் இல்லை. லென்ஸ் ஒரு சிறு பலகையில் பதிந்திருக்கும்; பலகையோடு கழற்றி வேறொன்றை மாட்டலாம். அதாவது, இன்று புதுமை என்று விளம்பரம் செய்யப்படும் இரண்டு இலக்கணங்களும் அந்தக் கிழப்பெட்டிக்குப் பொருந்தும்! இத்தகைய காமிராக்கள் ஒரு காலத்தில் முழுவதும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. 1940-களில் கேரளத்து ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் அவற்றை இங்கேயே செய்யத் தலைப்பட்டார். அவருடைய குடும்பத்தார் இசைக்கருவிகளோடு பழகியவர்கள். ஆர்மோனியத்தின் துருத்தியை மடித்து ஒட்டத் தெரிந்த கைக்கு, காமிராவின் துருத்தி ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை. தேக்கு மரமும் பித்தளையும் கொண்டு அவர் செய்த 'வாகீஸ்வரி' காமிரா நாடெங்கும் சிற்றூர் ஸ்டூடியோக்களுக்குச் சென்றது. நாமகளின் பெயர் தாங்கிய காமிரா உலகில் வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே.

தென்னாட்டில் புகைப்படக் கலையின் தொடக்கமும் இத்தகைய பெட்டிகளோடுதான் நிகழ்ந்தது. 1839-இல் பிரான்சில் டகேரின் முறையும் இங்கிலாந்தில் டால்பட்டின் முறையும் வெளியாயின. 17 ஆண்டுகளுக்குள், 1856-இல், சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் அதற்கு முன்னின்றார். அக்காலத்திலேயே லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்ட அவர் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனச் சுற்றி வந்தார். அவருடைய காகித நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அத்தனை பெரிய காகிதத்தை ஏற்கும் காமிரா எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதை நேயர்களே கணித்துக் கொள்ளலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டுதுண்டாகப் படமெடுத்து, 21 பிரதிகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். வந்த ஆளுநர் டிரெவிலியனுக்கோ இதெல்லாம் அரசாங்கத்துக்கு ஆகாத ஆடம்பரமாகப் பட்டது. வேலை நிறுத்தப்பட்டது. சிக்கனம் என்ற சொல்லை அடிக்கடி மொழிபெயர்க்கும் எனக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை.

பெரிய பெட்டியில் ஒரு தொல்லை உண்டு. படம் பிடிப்பவர் முதலில் தேய்த்த கண்ணாடியில் காட்சியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்; பிறகு லென்ஸை மூடி, தகட்டைச் செருகி, மீண்டும் திறக்க வேண்டும். படம் விழும் கணத்தில் அவர் ஒன்றையும் காண்பதில்லை. இடையில் குழந்தை எழுந்து ஓடியிருந்தால் அதுவும் அவருக்குத் தெரியாது. இத்தொல்லைக்கு மாற்றாக, லென்ஸுக்கும் தகட்டுக்கும் இடையே சாய்வாக ஒரு கண்ணாடியை வைத்து, காட்சியை மேல்நோக்கித் திருப்பிப் பார்க்கலாம் என்று தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேயர் 1861-இல் உரிமம் பெற்றார். கண்ணாடி காமிராவுக்குள் நுழைந்த கதை இவ்வாறு தொடங்குகிறது. ஆனால் அது அரியணை ஏற நூறாண்டு ஆயிற்று.

இடையில் வேறொரு வழி புகழ் பெற்றது. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஆஸ்கர் பர்னாக், சினிமாப் பிலிமைக் கொண்டு படமெடுக்கும் சிறு காமிரா ஒன்றை முதல் உலகப் போருக்கு முன்னரே செய்து பார்த்தார். 1925-இல் 'லைக்கா' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1930 முதல் லென்ஸை மாற்றும் வசதியும் சேர்ந்தது. அதிலும் கண்ணாடி இல்லை. மேலே தனியாக உள்ள சிறு துவாரத்தின் வழியே பார்க்க வேண்டும். லென்ஸ் காண்பதைக் கண் காண்பதில்லை. பக்கத்திலிருந்து ஏறக்குறைய அதையே காண்கிறது. ஆனால் உள்ளே எழுந்து விழும் தகடு இல்லாமையால் ஓசை மிகக் குறைவு. சட்டைப்பைக்கு ஏற்ற உடல்.

இச்சிறு காமிராவைக் கைக்கொண்டு நம் நாட்டுக்கு வந்தவர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்னும் பிரெஞ்சுக்காரர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைக் கண்டு பேசிவிட்டு அவர் வெளிவந்த சிறிது நேரத்தில் அந்தக் கொடுமை நிகழ்ந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின், 1950 ஏப்ரலில், அவர் திருவண்ணாமலையில் இருந்தார். எங்கள் சித்தூரிலிருந்து வேலூர் வழியாக ஒரு பொழுதில் சென்றடையக் கூடிய ஊர் அது. ரமண மகரிஷி நோயுற்றுக் கிடந்த இறுதி நாட்கள். ஆசிரமத்தில் தங்கி அவர் எடுத்த படங்கள் இன்றும் நம்முன் உள்ளன. ஏப்ரல் 14 இரவு 8-47 மணிக்கு வானில் ஒளிப்பிழம்பு ஒன்று மெல்லச் சென்று மலைக்குப் பின் மறைந்ததைத் தாமே கண்டதாகவும், மகரிஷி அடங்கிய நேரமும் அதுவே என்று பின்னர் அறிந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி நான் கருத்துரைக்கப் போவதில்லை. ஆனால் அத்தகைய ஒரு மௌனத்தின் நடுவே 'சடக்' என்று அதிரும் காமிராவோடு ஒருவர் நின்றிருந்தால் அங்கே அவரைப் பொறுத்துக் கொண்டிருப்பார்களா என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறேன்.

அந்தச் 'சடக்' என்னும் ஓசை பின்னர் உலகையே ஆண்டது. 1936-இல் டிரெஸ்டன் நகரத்து எக்ஸாக்டா, சிறு பிலிமுக்கு உரிய கண்ணாடிக் காமிராவாக வந்தது. 1949-இல் அந்நகரத்துக் காண்டாக்ஸ் ஐந்து பக்கப் பட்டகம் ஒன்றை மேலே அமைத்துக் காட்சியை இடம் வலம் மாறாமல் நேராகக் காட்டிற்று. 1954-இல் ஜப்பானிய அஸாஹி நிறுவனம், படமெடுத்தவுடன் கண்ணாடி தானே பழைய நிலைக்குத் திரும்பும் முறையைத் தன் காமிராவில் கொணர்ந்தது. 1959-இல் நிக்கானின் 'எஃப்' வெளியானது. அதன்பின் பத்திரிகைக்காரர் முதல் திருமணப் படக்காரர் வரை கண்ணாடியையே நம்பினர். லென்ஸ் காண்பதைக் கண்ணும் அப்படியே காணலாம். தொலைவிலுள்ள பறவையைக் காட்டும் நீண்ட லென்ஸையும் மாட்டலாம். இவ்விரண்டு நன்மைகளுக்கு முன் ஓசையும் எடையும் பெரிதாகத் தோன்றவில்லை.

கடையில் விற்கும் உருவத்திலேயே காமிராவை ஏற்றுக்கொள்ளாதவர்களும் இருந்தனர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) அவர்களுள் ஒருவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டில் 1950 முதல் வாழ்நாளின் இறுதிவரை இயற்கையைப் பற்றி எழுதி வந்தவர். எங்கெங்கோ கிடைத்த உறுப்புகளை ஒன்றாய்ப் பூட்டித் தமக்கென ஒரு காமிராவைக் கட்டிக்கொண்டு, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். யானைகளை அவர் மிக விரும்பினார். சுமார் இரு நூற்றாண்டுகளாக யானையே இல்லாதிருந்த எங்கள் பலமனேர்க் காடுகளுக்கு 1980-களில் தமிழகப் பக்கத்திலிருந்து யானைக்கூட்டம் வந்து குடியேறியது. 1990-இல் கௌண்டின்ய சரணாலயம் ஏற்பட்டது. வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர் பட்டியலில் அவற்றையும் சேர்க்கலாம். எங்கள் கரும்புக்கும் மாந்தோப்புக்கும் அவை இழைக்கும் சேதத்தைக் கண்டவர்கள் இந்த நகைச்சுவையை இரசிக்க மாட்டார்கள்.

இனி, கண்ணாடி போன கதை. 1969-இல் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர், ஒளியை மின்னூட்டமாக்கிச் சேர்த்து வைக்கும் சில்லு ஒன்றை வகுத்தனர். 2009-இல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975-இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் ஸாஸன் அத்தகைய சில்லைக் கொண்டு பிலிமில்லாக் காமிரா ஒன்றை அமைத்தார். அதன் படத்தில் 100-க்கு 100, ஆகப் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிய 23 விநாடி. பிலிம் விற்றுச் செல்வம் குவித்த நிறுவனத்திலேயே பிலிமுக்கு எமன் பிறந்தான். நம் நாட்டிலும் அந்த அடி விழுந்தது. 1960-இல் உதகமண்டலத்தில் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் 'இந்து' என்னும் பெயரில் பிலிமும் காகிதமும் எக்ஸ்ரே தாளும் செய்து வந்தது. காலப்போக்கில் நலிந்து மூடப்பட்டது. மாமாவின் இருட்டறையில் அடுக்கியிருந்த பெட்டிகள் பல அந்த ஆலையிலிருந்து வந்தவையே.

விந்தை என்னவெனில், பிலிம் போன பின்னும் பல ஆண்டுகள் கண்ணாடி போகவில்லை. பிலிம் இருந்த இடத்தில் சில்லை வைத்துவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டிருந்தனர். பிலிமுக்குக் கண் கிடையாது. அது காண்பதை அக்கணமே நமக்குக் காட்ட இயலாது. ஆதலால் கண்ணாடி வேண்டியிருந்தது. சில்லோ தான் காண்பதை நொடிதோறும் ஒரு சிறு திரைக்கு அனுப்ப வல்லது. அப்படியாயின் கண்ணாடிக்கு அங்கே என்ன வேலை? இக்கேள்வியை வாணிகத் துணிவோடு கேட்டவை ஒலிம்பஸும் பானஸோனிக்கும். இரண்டும் சேர்ந்து 2008 ஆகஸ்டில் ஒரு பொது அளவை அறிவித்தன. அடுத்த மாதமே பானஸோனிக்கின் 'ஜி 1' அறிவிக்கப்பட்டது. 2009 ஜூனில் ஒலிம்பஸின் சிறிய 'இ-பி 1' வந்தது. (2004-இல் எப்ஸன் நிறுவனம் லைக்காவின் லென்ஸை ஏற்கும் டிஜிட்டல் காமிரா ஒன்றை வெளியிட்டிருந்தது. அதிலும் கண்ணாடி இல்லை. ஆனால் பார்ப்பது பழைய துவாரத்தின் வழியாகவே.) 2013-இல் ஸோனி, பழைய பிலிம் கட்டத்தின் முழு அளவான 24-க்கு 36 மில்லிமீட்டர் சில்லோடு 'ஆல்ஃபா 7' என்பதைக் கொணர்ந்தது. நிக்கானும் கானனும் தயங்கின. தங்கள் பழைய லென்ஸ்களை வாங்கி வைத்திருந்த எண்ணற்றோரை எண்ணித் தயங்கினவோ என்னவோ. 2018-இல் அவையும் முழு அளவுச் சில்லோடு அந்தப் பாதைக்கு வந்தன. 2020-இல் கண்ணாடியில்லாதவை விற்பனைக்கு அனுப்பப்பட்ட எண்ணிக்கையில் கண்ணாடியுள்ளவற்றை முந்தின.

புதியதெல்லாம் குறையற்றது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். பார்க்கும் திரையும் சில்லும் ஓயாமல் இயங்குவதால் பாட்டரி விரைவில் தீர்கிறது. தொடக்கக் காலத்துத் திரைகளில் ஓடும் பொருள் சற்றுத் தாமதித்தே தெரிந்தது. லென்ஸைக் கழற்றும்போது சில்லின்மேல் தூசி படிகிறது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டுமென்பதால், பழைய காமிராக்களில் லென்ஸைப் பூட்டும் வாய் பிலிமிலிருந்து வெகுதூரம் தள்ளி நின்றது. நிக்கான் எஃபில் அது 46.5 மில்லிமீட்டர். கண்ணாடி போனதும் அந்த இடம் மிச்சமாயிற்று. ஸோனியில் இது 18 மில்லிமீட்டர். நிக்கானின் புதிய வகையில் 16. மிச்சமான இடத்தில் ஒரு வெற்று வளையத்தைப் பொருத்தினால், எந்தக் காலத்து லென்ஸையும் ஏறக்குறைய எந்த நாட்டு லென்ஸையும் இந்த உடலில் மாட்டலாம்.

மாமா திருமணங்களுக்கு எடுத்துச் சென்றது ரஷ்ய 'ஜெனித்' காமிரா. கல்லைப் போல் கனக்கும். அதன் 'ஹீலியோஸ்' லென்ஸ் 58 மில்லிமீட்டர். 42 மில்லிமீட்டர் அகலமுள்ள திருகுமரை கொண்டது. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் கழித்து ஸ்டூடியோவைக் காலி செய்தபோது, பரணில் இருந்த நெகட்டிவ் உறைகளை இறக்கினோம். ஈரமும் பூஞ்சையும் சேர்ந்து அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பாளம்பாளமாகிவிட்டிருந்தன. பெங்களூருக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் பிழைக்கப் போன எங்கள் ஊர்க் குடும்பங்களிலிருந்து, 'எங்கள் திருமணத்து நெகட்டிவ் இருக்கிறதா? வீட்டில் இருந்த படம் மழையில் போய்விட்டது' என்று கேட்டுக் கடிதங்கள் வந்ததுண்டு. பின்னாளில் தொலைபேசியிலும் கேட்டார்கள். அத்தை, "இருக்கும், தேடிப் பார்க்கிறேன்" என்றே சொல்லி வந்தார். அன்று பாளங்களைக் கண்டபின் அவர் அந்தப் பதிலைச் சொல்வதை நிறுத்திவிட்டார். பிரித்தெடுக்க முடிந்தவை ஒரு கைப்பிடி. அவற்றில் யார் யார் என்று அடையாளம் சொல்லக் கூடியவரும் அத்தை ஒருவரே.

உருப்படியாக மிஞ்சியது அந்த லென்ஸ். ஓரத்தில் சற்றே பூஞ்சை. என் மகள் பழைய விலைக்கு வாங்கிய ஸோனிக் காமிரா ஒன்று வீட்டில் இருந்தது. கணக்கு எளிது: ஜெனித் லென்ஸ் பிலிமிலிருந்து நிற்க வேண்டிய தூரம் 45.46 மில்லிமீட்டர், உடலில் இருப்பது 18, எஞ்சியது ஏறத்தாழ 27½. அந்த நீளத்துக்கு ஒரு வளையம் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. நிக்கானின் பழைய கண்ணாடிக் காமிராவில் இதே லென்ஸை மாட்டினால் ஒரு மில்லிமீட்டர் இடிக்கும். தொலைவுக் காட்சி தெளியாது. கண்ணாடி போனதால் மாமாவின் லென்ஸ் பிழைத்தது.

சென்ற மாங்காய்ப் பருவத்தில் ஊருக்குப் போயிருந்தபோது மகள் அதை எடுத்து வந்தாள். அத்தை லென்ஸை வாங்கி, முகத்தருகே பிடித்துப் பார்த்து, முந்தானையால் துடைக்கப் போனார். "ஐயோ பாட்டி, கீறிவிடும்!" என்று மகள் அலறினாள். "உங்கள் தாத்தா முப்பது வருஷம் வேட்டி நுனியால்தான் துடைத்தார்" என்றார் அத்தை. பிறகு திண்ணையில் உட்கார்ந்தார். தானே தெளிவு காணும் வித்தை அந்தக் கிழ லென்ஸுக்குத் தெரியாதாகையால், மகள் திரையைப் பார்த்துக்கொண்டே வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பிச் சரிசெய்தாள். ஓசை ஏதும் எழவில்லை. "எடுத்தாயிற்றா?" என்று அத்தை இரண்டு முறை கேட்டார். திரையில் காட்டினோம், படம் நேராகவே இருந்தது. அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரி, காகிதத்தில் போட்டு அனுப்பு. அவர் எல்லாரையும் எடுத்தார், என்னைத் தனியாக எடுத்து மாட்டியதில்லை" என்றார்.

ஊர் திரும்பிய பின் அதைப் பிரதி எடுத்து, அந்தக் கைப்பிடி நெகட்டிவ்களிலிருந்து எடுத்த ஒன்பது படங்களையும் உடன் வைத்து, பதிவு அஞ்சலில் அனுப்பினோம். ஒன்பதிலும் பின்புறத்தில் பெயர் எழுதக் கோடிட்டிருக்கிறோம். இதுவரை நான்குக்குப் பெயர் வந்திருக்கிறது.